படத்துக்குப் படம் செத்த ரஸிம்

பிஸ்திரிக் மேட்டிலிருந்து ரஸிம் காலையில் இறங்கி வந்தால், கடைத்தெருவில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"என்ன ரஸிம், இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"இன்னிக்கு ஷூட்டிங் இல்லப்பா," என்பார் அவர்.

இந்தக் கேலியில் அவருக்கு வருத்தமே கிடையாது. உள்ளூரப் பெருமைதான். மலைமேல் பீரங்கியை வைத்துக்கொண்டு எங்கள் சராயேவோவைச் சுற்றி வளைத்திருந்த அந்த நாலு வருஷத்தை, போர் முடிந்ததிலிருந்து படமாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் எடுத்து மாளவில்லை. எந்தப் படமானாலும் தண்ணீர் வரிசை ஒன்று இருக்கும், ரொட்டி வரிசை ஒன்று இருக்கும், தெருமுனையில் குனிந்து ஓடுகிற கூட்டம் ஒன்று இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் குண்டடிபட்டு விழுவார். அந்த ஆள் பெரும்பாலும் ரஸிம்தான்.

அவர் சினிமாவைத் தேடிப் போனவர் இல்லை. டிராம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மரின்துவோரில் படப்பிடிப்புக்காக அவருடைய டிராமை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நின்றது நின்றபடியே கிடந்தது. பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பையன் ஓடிவந்து ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, விழ வேண்டிய ஆளு காய்ச்சல்னு வரல. நீங்க கொஞ்சம் வந்து சாகறீங்களா? அஞ்சு நிமிஷ வேலைதான்."

ரஸிம் திரும்பிப் பயணிகளைப் பார்த்தார்.

"போய்ச் செத்துட்டு வாய்யா, எங்களுக்கு வேலைக்கு நேரமாகுது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

போனார். கையில் ஒரு பையைக் கொடுத்தார்கள். சாலையின் பாதிவரை ஓடி, அங்கே விழுந்தார். ஆணியிலிருந்து கோட்டு நழுவுவதுபோலச் சத்தமில்லாமல் விழுந்தார். "கட்" என்றதும் டிராமிலிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். அத்தனை வருஷம் டிராமை ஒழுங்காக நிறுத்தத்தில் நிறுத்தியதற்கு ஒரு ஆள்கூட அவருக்குக் கைதட்டியதில்லை. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. விஷயம் அவ்வளவுதான். போரின் வலியை அப்படித்தான் ஆற்றிக்கொள்கிறார் என்று பத்திரிகைக்காரி ஒருத்தி எழுதியபோது, "எந்த வலிய? எனக்கு இடுப்பு வலிதான் இருக்கு," என்று அவர் வெடுக்கென்று சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் சாகாத சாவு இல்லை. தண்ணீர்க் கேனோடு செத்தார், ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செத்தார், சைக்கிளில் போகும்போது செத்தார். ஒரு படத்தில் தொப்பியை மாற்றிப்போட்டு இரண்டு தரம் செத்தார், யாரும் கண்டுபிடிக்கவில்லை. டிராம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சாவதே முழுநேர வேலையாயிற்று.

ஒரு ஆளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவர் மனைவி மேவ்லிதா. அஞ்சலகக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர், பேச்சில் தயவுதாட்சண்யம் பார்க்காதவர். ரஸிம் நடித்த படம் வெளிவந்தால் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தியேட்டருக்குப் போவார். திரையில் ரஸிம் விழுந்த கணமே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். பக்கத்திலிருப்பவர்கள், "படம் இன்னும் இருக்கே!" என்பார்கள்.

"என் ஆளு போயாச்சு. எனக்கு இனி இங்க என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து காப்பி குடிப்பார். ஒருமுறை படத்தின் பெயர் வருவதற்கு முன்பே ரஸிம் செத்துப்போனார். மேவ்லிதா உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

"அவளுக்குக் கலை ரசனை கிடையாது," என்பார் ரஸிம்.

ரஸிமிடம் ஒரு கதை உண்டு. காப்பிக் கடையில் புது ஆள் யார் வந்தாலும் அதை எடுத்துவிடுவார். முற்றுகையின் இரண்டாவது குளிர்காலத்தில் நடந்தது. ஊருக்குள் குழாய் வறண்டுபோய், மதுபான ஆலையின் ஊற்றில்தான் தண்ணீர். ரஸிம் கேன்களோடு வரிசையில் நிற்கிறார். குண்டு வந்து விழுகிறது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன்னால் நின்ற ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டான். ரஸிம் தன் தோல் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் முகத்தை மூடினார். காயம்பட்டவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கோஷெவோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருவாசி ஹாம்தியா அந்தப் பக்கம் வந்தான். ஜாக்கெட்டைப் பார்த்தான். தூக்கிப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. நேரே மேட்டில் ஏறி, மேவ்லிதாவிடம் சேதி சொல்லிவிட்டான்.

"சாயங்காலம் நான் நடுங்கிக்கிட்டே வீட்டுக்கு வர்றேன்," என்று ரஸிம் கதையைப் பிடிப்பார். "வாசல்ல என் நல்ல பூட்ஸக் காணோம். எங்கன்னு பாத்தா, பக்கத்து வீட்டு யாகோவ் அதப் போட்டுக்கிட்டு ஜம்முனு வெறகு பொளந்துக்கிட்டு இருக்கான்! என்னப் பாத்ததும் கோடாலியக் கீழ போட்டுட்டு சிலுவை போட்டுக்கறான். நான் செத்து அரை நாளு ஆகலய்யா, அதுக்குள்ள என் பொண்டாட்டி சொத்தப் பிரிச்சுட்டா! சரின்னு கதவத் தட்டறேன். தொறக்கறா. மேலயும் கீழயும் பாக்கறா. என்ன கேட்டா தெரியுமா?"

இங்கே ஒரு மடக்குக் காப்பி குடிப்பார்.

"'தண்ணி எங்க?'ன்னு கேட்டா!"

கடையே அதிரும். எங்கள் ஊர்ச் சிரிப்பு அந்த ரகம். மேவ்லிதா பக்கத்தில் இருந்தால் அவரும் லேசாகச் சிரிப்பார். பிறகு கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டு நேரம். சட்டையெல்லாம் பொய் ரத்தத்தோடு உட்கார்ந்து, ரஸிம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். பெல்மா என்கிற இளம்பெண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் படத்தில் உதவி இயக்குநர் அவள். முற்றுகையின் கடைசி வருஷத்தில் பிறந்தவள். தன் முதல் படத்துக்குக் கதை தேடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, சேதி வந்ததுக்கும் நீங்க வந்ததுக்கும் நடுவுல அத்தை என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

"என்ன பண்ணுவா? அழுதிருப்பா."

"அவங்க சொன்னாங்களா?"

"அதெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாளா?"

"நீங்க கேக்கவே இல்லயா?"

ரஸிம் வாயிலிருந்த கவளத்தை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "கேக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார் கடைசியில். ஆனால் அன்று மதியம் அவர் விழுந்த விதம் சரியாக இல்லை, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெல்மா ஒரு டப்பா லோகும் மிட்டாயோடு பிஸ்திரிக் வீட்டுக்கு வந்துவிட்டாள். மேவ்லிதா செம்பில் காப்பி கொதிக்கவைத்து, சர்க்கரைக் கட்டியோடு கொண்டுவந்து வைத்தார். ரஸிம் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்: "அந்தக் குளிர்காலத்துல..."

"மாமா, உங்க கத எனக்கு மனப்பாடம்," என்றாள் பெல்மா. "நான் அத்தைகிட்ட கேக்க வந்திருக்கேன்."

மேவ்லிதா முழங்காலில் இருந்த துண்டை மடித்தார். "என்கிட்ட என்னம்மா இருக்கு? அவருதான் நடிகரு."

"ஹாம்தியா வந்தப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பிட்டா பண்ணிக்கிட்டு இருந்தேன். உதவின்னு குடுத்த அரிசியையும் கோடையில பறிச்சுக் காயவச்ச கீரையையும் மாவுக்குள்ள வச்சு சுருட்டி." மேவ்லிதா ஜன்னல் பக்கம் திரும்பினார். "வெறகு இல்லாம வீட்டு நாற்காலிய ஒவ்வொண்ணா எரிச்சு, கடைசி நாற்காலி அன்னிக்கு. அதோட காலு ரெண்ட ஒடச்சு அடுப்புல போட்டிருந்தேன். அது நல்லா புடிச்சு எரிய ஆரம்பிச்ச நேரத்துல கதவு தட்டற சத்தம். ஹாம்தியா நிக்கறான். சொல்றான். சொல்லிட்டு, 'நான் கூட இருக்கட்டுமா'ன்னு கேட்டான். வேணாம், போன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பிட்டாவ அடுப்புல வச்சேன்."

ரஸிம் நிமிர்ந்து பார்த்தார்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? நெருப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. அந்த நாற்காலி போச்சுன்னா வேற நாற்காலி இல்ல. மாவு வீணாப் போகும். புருஷன் செத்துட்டான்னு காதுல விழுந்த பொறவும் நான் அடுப்பு முன்னாடி உக்காந்து அது செவக்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். செவந்துச்சு. எடுத்தேன். பசி. முந்தின நாள் ராத்திரிலேர்ந்து சாப்பிடல. அறுத்து, கால்வாசிய ஒரே மூச்சுல தின்னேன். நாக்கு சுட்டுடுச்சு. அப்பகூட நிறுத்தல." அவர் குரல் தடுமாறவில்லை, கவுண்டரில் விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். "இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. எப்பேர்ப்பட்ட பொம்பள இவன்னு நினைப்பாங்க."

பெல்மாதான் மெதுவாகக் கேட்டாள்: "பூட்ஸ்?"

"அது வாசல்லயே இருந்துச்சு. அது அங்க இருக்கற வரைக்கும் இவரு வருவாருன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. படியில யாரு கால் சத்தம் கேட்டாலும் மனசு துள்ளுது, அப்புறம் விழுது. துள்ளுது, விழுது. தாங்க முடியல. எடுத்துட்டுப் போயி யாகோவ்கிட்ட குடுத்தேன். அவனுக்குக் கால் விரல் வெளிய தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு பாவம். குடுத்துட்டு வந்தப்புறம்தான் அழுக வந்துச்சு."

"நான் வந்து கதவத் தட்டினப்போ?" என்று கேட்டது ரஸிம். கேட்ட குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

மேவ்லிதா முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். "உன்னப் பாத்தேன். வேற எதச் சொன்னாலும் அங்கயே விழுந்திருப்பேன். நீயே நடுங்கிக்கிட்டு நிக்கற, என்னத் தூக்க யாரு இருக்கா? தண்ணின்னு ஒரு வார்த்தைதான் வாயில இருந்துச்சு. அதச் சொல்லிட்டேன். நீ அதப் போயி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வச்ச. சிரிக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

ரஸிம் எழுந்துபோய்க் காப்பிக் கோப்பைகளைக் கழுவினார். திருமணமான நாளிலிருந்து அவர் கோப்பை கழுவி யாரும் பார்த்ததில்லை. இரண்டை உடைத்துவிட்டார்.

அந்த மதியத்தைத்தான் பெல்மா படமாக எடுத்தாள். வீட்டுக்குள் ஒரு பெண், ஒரு அடுப்பு, ஒரு கதவு. குண்டு விழுவதைக் காட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். மேவ்லிதாவாக நடிக்க நாடகத்திலிருந்து இரீனா என்கிற நடிகையை வரவழைத்தாள். ரஸிமாக ஒரு இளைஞன். "அப்போ நான் எங்க விழணும்?" என்று ரஸிம் கேட்டார்.

"நீங்க விழ வேணாம் மாமா. நீங்கதான் ஹாம்தியா."

ஹாம்தியா உயிரோடு இல்லை. போர் முடிந்து வெகுநாள் கழித்து, வயதாகி, தன் படுக்கையில் செத்துப்போனான். ரஸிம் கையை உதறினார். "எனக்கு வசனமெல்லாம் வராது. நான் சாகறதுல கெட்டிக்காரன். சேதி சொல்றது வேற ஆளு வேல."

"ஒரே ஒரு வரிதான். 'மேவ்லிதா, ரஸிம் போயிட்டான்.'"

"அந்த ஒரு வரிதான் வராதுன்னு சொல்றேன்."

வீட்டில் மேவ்லிதா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செய்," என்றார். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. அவர் ஒரு வார்த்தையில் நிறுத்தினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருந்தார்கள். மேவ்லிதா கேமராவுக்குப் பின்னால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஸிமுக்கு ஹாம்தியாவின் கம்பளித் தொப்பி மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். படியேறி வந்து, கதவைத் தட்ட வேண்டும்.

தட்டினார். கதவு திறந்தது. இரீனா நின்றாள். கையெல்லாம் மாவு. தலையில் ஒரு துணியைக் கட்டியிருந்தாள். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் நெருப்புப்பெட்டி கேட்டு வந்திருப்பார் என்கிற முகம். இன்னும் ஒன்றும் தெரியாத முகம். ரஸிம் அந்த முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, பிடித்துத் தள்ளியதுபோல ஒரே மூச்சில் சொன்னார்:

"இல்லம்மா, பயப்படாத. அவன் சாகல. அது வேற ஆளு. ஜாக்கெட்டுதான் ரஸிமோடது. சாயங்காலம் வந்துருவான்."

அடுத்த நொடி வீடே சிரித்தது. விளக்குப் பிடித்த பையன் விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். இரீனா மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

ரஸிம் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டு நின்றார். "மன்னிச்சுக்கோ பெல்மா. என்னால முடியல. இந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? ஹாம்தியா எப்படித்தான் சொன்னானோ."

மேவ்லிதா கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து வந்தார். ரஸிமின் கையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி, அவர் தலையில் அழுத்தி மாட்டினார்.

"சொல்லு," என்றார். "நான் கேட்டுட்டு நின்னேன். இவளும் நிப்பா. சொல்லாமப் போனாதான் கஷ்டம். ஹாம்தியா தண்ணி வரிசையிலேர்ந்து நேரா மேடு ஏறி வந்தான்; அவனுக்கு அன்னிக்குக் காய்ச்சல் வேற. வேற யாரும் வர மாட்டோம்னாங்க. தப்பாச் சொன்னாலும் அவன்தான் வந்தான். அவனுக்காகச் சொல்லு."

ரஸிம் படியிறங்கிப் போனார். கீழே கொஞ்ச நேரம் நின்றார். மேலே எல்லாரும் காத்திருந்தார்கள், பெல்மா அவசரப்படுத்தவில்லை. பிறகு கால் சத்தம் கேட்டது, தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ரஸிம் இரீனாவின் மாவுக் கையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"மேவ்லிதா," என்றார். "ரஸிம் போயிட்டான்."

குரல் உடையவில்லை. சொல்லிவிட்டு அவர் நகரவும் இல்லை. இரீனா கதவின் விளிம்பைப் பிடித்தாள். ரஸிம் அவள் முகம் மாறுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், இந்த முகத்தோடு ஒருத்தி வீட்டில் தனியாக நின்றாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "நான் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டார். அது எழுதிக்கொடுத்த வசனம் இல்லை. மேவ்லிதா சொன்னதிலிருந்து அவராகவே எடுத்துக்கொண்டது. இரீனா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

பெல்மா "கட்" சொல்ல மறந்துவிட்டாள். ஒலிப்பதிவுக்காரர்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் ரஸிம் மேவ்லிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில், பட்டப்பகலில், அந்த வயதில். மீன் விற்கிற பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நேரம் தனியா இருந்தியா?" என்றார் ரஸிம்.

"இருந்தேன். நீ வந்துட்டல்ல."

"இத்தன வருஷம் கேக்கலயே நான்."

"இப்ப கேட்டுட்ட. மெதுவா நட, வழுக்கும்."

கோடையில் படம் வந்தது. திரைவிழாவின் திறந்தவெளி அரங்கில் போட்டார்கள். ரஸிம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேவ்லிதா கால்மேல் கால் போட்டு, படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். இரீனா சூடான பிட்டாவை நின்றபடி விழுங்குகிற இடத்தில் அரங்கத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. விளக்குப் போட்டதும், முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மேவ்லிதாவிடம் வந்தார்கள். ஒருத்தி அவர் காதோடு, "நான் அன்னிக்கு வீடு கூட்டினேன்டி. சேதி கேட்டுட்டு வீடு முழுக்கக் கூட்டினேன்," என்றாள். இன்னொருத்தி, "நான் துணி துவைச்சேன்," என்றாள். இந்த இருவருடைய ஆட்களும் சாயங்காலம் திரும்பி வரவில்லை. மேவ்லிதா இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அரங்கத்தைக் கூட்ட வந்தவர்கள் அவர்கள் காலைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரஸிம் போய் எல்லாருக்கும் காப்பி வாங்கிவந்தார்.

அதற்கப்புறம் ரஸிமைத் தேடி வேறு மாதிரிப் படக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். போன மாதம் ஒரு கல்யாணக் கலாட்டாப் படத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். போர் இல்லை, குண்டு இல்லை. இலிஜாவில் ஒரு தோட்டத்தில் கல்யாணம். ரஸிம் மணப்பெண்ணின் தாய்மாமன். குடித்துவிட்டு மேசைமேல் ஏறி ஆட வேண்டும். இயக்குநர் மூன்று பக்க வசனம் கொடுத்திருக்கிறார். காலையில் வீட்டில் மேவ்லிதா, தன் எதிரில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து மணப்பெண், மாப்பிள்ளை, சம்பந்தி என்று எல்லார் வசனத்தையும் படிக்கிறார். ரஸிம் பதில் சொல்கிறார்.

"ஆட்டம் எப்படி?" என்று கடைத்தெருவில் கேட்டார்கள்.

"முட்டிதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. ஆனா மேசை ஏறிட்டேன். எறங்கறதுக்குத்தான் மேவ்லிதா கை குடுக்க வேண்டியிருக்கு," என்றார்.